நானூறு அடி உயரத்தில் பாயிண்ட் டியூட்டி

தாங்கல்மேட்டு நாற்சந்தியில் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தலைமைக் காவலர் அஞ்சலாட்சி, ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சாயங்காலம் நாலேகால் மணிக்கு, தான் நின்றிருந்த வட்ட மேடையோடும் அதில் நட்டிருந்த குடையோடும் சேர்ந்து நானூறு அடி மேலே போய் நின்றபோது, சந்தியில் காத்திருந்த நாங்கள் முதலில் செய்த காரியம் ஹாரன் அடித்தது. நடுவில் ஆள் இல்லாவிட்டால் யார் முதலில் போவது என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது, தெரிந்தாலும் போகவிட மாட்டோம். பத்து நிமிஷம் அடித்து ஓய்ந்த பிறகுதான் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கிப் பார்த்தோம். அங்கே அவள் வெள்ளைச் சட்டையும் காக்கி பேண்டுமாக நின்று, இடது கையை நீட்டி ஒரு ஹெலிகாப்டரை நிறுத்தி வைத்திருந்தாள்.

எங்கள் ஊர் விமான நிலையத்தின் சுற்றுச்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. இறங்குகிற விமானங்கள் எல்லாம் கிழக்கிலிருந்து எங்கள் மாடிகளுக்கு மேலாகத்தான் வரும், எந்தச் சக்கரத்தில் ரப்பர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று எங்கள் பஞ்சர் கடைக்காரர் சொல்லிவிடுகிற அளவுக்குத் தணிந்து, காலை வேளையில் இரண்டு நிமிஷத்துக்கு ஒன்றாக வரும். ஹெலிகாப்டர்கள் வடக்கிலிருந்து தெற்கே போகும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற கல்லீரல், கூட்டத்துக்குப் போகிற கட்சிக்காரர், வாடகைக்குப் பறக்கிற மாப்பிள்ளை பெண் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு விமானப் பாதையைக் குறுக்கே வெட்டிப் போகும். வெட்டுகிற இடம் எங்கள் நாற்சந்திக்கு நேர் மேலே. கீழே ஒரு சந்தி, மேலே ஒரு சந்தி, கீழே ஆள் உண்டு, மேலே கிடையாது. விமான நிலையக் கோபுரத்தில் உட்கார்ந்து ரேடியோவில் இரண்டையும் பிரித்துப் பிரித்து அனுப்பியவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் சொன்னதைக் கேட்கிறவன் கேட்டால்தானே.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண ஹெலிகாப்டர், கீழே நின்று படம் எடுத்தவருக்காகக் கொஞ்சம் சாய்ந்து காட்டி, அப்புறம் இன்னும் கொஞ்சம் சாய்ந்து காட்டி, வரக்கூடாத நேரத்தில் குறுக்கே வந்துவிட்டது. கிழக்கே விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு வருகிறது. பதினொரு வருஷமாகக் கை தூக்கியே பழகிய அஞ்சலாட்சி, தலைக்கு மேல் நடப்பது தன் வேலை இல்லை என்று யோசிக்கத் தோன்றாமல், விசிலை ஊதி இடது கையைத் தூக்கினாள், மேடை எழும்பியது, ஹெலிகாப்டர் நின்றது, நூற்றெண்பது பேரோடு விமானம் அவள் மூக்குக்கு முன்னால் போய் இறங்கியது. மணப்பெண் வாந்தி எடுத்தாள் என்பதைத் தவிர யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

இன்ஸ்பெக்டர் போன் போட்டு, “இறங்கி வாம்மா, டீ ஆறுது” என்றார்.

“ரிலீவர் வரட்டும் சார்” என்றாள் அஞ்சலாட்சி.

அவர் போனை வைத்துவிட்டார். பதில் ஆள் வந்து விசிலை வாங்கிக்கொள்கிற வரைக்கும் பாயிண்டை விட்டு நகரக் கூடாது என்பது அவரே தினமும் காலையில் நிற்க வைத்துச் சொல்கிற பாடம். எத்தனையோ நாள் ஒரு மணிக்கு வரவேண்டிய ரிலீவர் மூன்று மணிக்கு வந்திருக்கிறார், அஞ்சலாட்சியும் அதுவரை வெயிலில் நின்றிருக்கிறாள். இந்த ரிலீவர் ஏழு மாதமாக வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் ஆளாக ஒருவரை அனுப்பினார்கள். அவர் அவளுக்கு நேர் கீழே வந்து நின்று, இரண்டு தடவை குதித்துப் பார்த்து, முயன்றேன் முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாவது ஆளுக்கு உத்தரவைப் படித்ததுமே முதுகு பிடித்துக்கொண்டது. மூன்றாவது ஆள் எங்கே இருக்கிறார் என்று இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் ஒரு காவல் நிலையத்தின் எல்லை தரையிலிருந்து எத்தனை அடி உயரம் வரை போகும் என்று சந்தேகம் கிளம்பி, காவல் துறை விமான நிலையத்தைக் கேட்க, விமான நிலையம் காவல் துறையைக் கேட்க, கோப்பு இரண்டு மேஜைகளுக்கும் நடுவே அவளை விடவும் உறுதியாக நின்றுவிட்டது. கோபுரத்துக்காரர்களுக்கு மட்டும் பரம நிம்மதி. ஹெலிகாப்டர்காரன் ரேடியோவில் சொன்னதைக் கேட்காவிட்டாலும் விசிலுக்கு நின்றான், சிறு வயதிலிருந்து விசிலுக்கு நின்று பழகிய ஊர் அல்லவா.

நாங்களும் பழகிவிட்டோம். மேடையிலிருந்து ஒரு கயிறு இறங்கும், அவள் புருஷன் தணிகைவேல் (மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான்) அதில் சாப்பாட்டு கேரியரும் சார்ஜ் ஏற்றிய பேட்டரியும் கட்டிவிடுவான். அவன் வைக்கிற சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு அவள் மேலே நின்று என்ன சொல்வாள் என்று எதிர்வீட்டுக் கனகா போனில் ஒட்டுக் கேட்க முயல்வாள். ஐப்பசி மழையில் கோபுரத்துக்காரர்கள் ஒரு ஹெலிகாப்டரில் மழைக்கோட்டு கொடுத்து அனுப்பினார்கள். தண்ணீர் லாரி எந்தத் தெருவில் திரும்புகிறது என்று அவளைக் கேட்டால் உடனே சொல்வாள் என்பதைக் கண்டுபிடித்த பிறகு எங்கள் பெண்கள் குடத்தோடு தெருமுனையில் தவம் கிடப்பதை விட்டார்கள். மாடியில் துணி காயப் போடுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்த ஜோடிகள் இடத்தை மாற்றிக்கொண்டன. அவளுடைய நாலு வயது மகள் இதழினி, பால்வாடியில் அம்மா எங்கே என்று கேட்டபோது மேலே கையைக் காட்ட, புதிதாக வந்த டீச்சர் கண் கலங்கி அந்தக் குழந்தைக்கு மட்டும் தினமும் இரண்டு முட்டை கொடுத்தாள்; விஷயம் தெரிந்த பிறகும் ஒன்றாகக் குறைக்க மனசு வரவில்லை. இயற்கை உபாதைக்கு அவள் என்ன செய்கிறாள் என்று நீங்கள் கேட்க நினைக்கிறீர்கள். ஊரில் எல்லோரும் கேட்டார்கள். அவள் யாருக்கும் சொல்லவில்லை, நானும் சொல்வதாக இல்லை.

ஆனால் அவளுக்கு இறங்க வேண்டும். எங்களுக்கு அது வசதியாக மறந்துபோயிருந்தது. தண்ணீர் லாரி வந்துவிட்டது, விபத்து இல்லை, வேடிக்கை உண்டு, வேறென்ன வேண்டும் என்று நாங்கள் இருந்தோம். அவள் மட்டும் தினமும் சாயங்காலம் குழந்தை பால்வாடியிலிருந்து நடந்து வருவதை மேலே இருந்து பார்ப்பாள், நானூறு அடியிலிருந்து பார்த்தால் குழந்தை தெரியாது, எண்ணெய் வைத்து வாரிய உச்சி மட்டும்தான் தெரியும், வகிடு கோணலாக இருக்கும், அதை நேராக எடுத்துவிட அவள் கை பரபரக்கும். இவ்வளவுதான் அவள் கேட்டது, ஒரு வகிடு எடுத்துவிடுகிற தூரம்.

அப்போதுதான் எல்லை காத்த அம்மன் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. தை மாதம் பதினாலாம் தேதி, காலை பத்து பன்னிரண்டுக்கு முகூர்த்தம். விழாக் கமிட்டித் தலைவர் வைரக்கண்ணு, எங்கள் ஊர் ஏரியில் பாதியை மனையாக விற்றவர், மீதியை விற்கத் தேதி பார்த்துக்கொண்டிருப்பவர், கலசத்தில் தீர்த்தம் விழுகிற அதே நொடியில் ஹெலிகாப்டரிலிருந்து பூ கொட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். பக்கத்து ஊரில் ஏழு மூட்டை கொட்டியிருந்தார்கள் என்பதால் நாங்கள் பன்னிரண்டு மூட்டை. ஹெலிகாப்டர் வடக்கிலிருந்து வர வேண்டும். கோயில் சந்திக்குத் தெற்கே.

வைரக்கண்ணு அவளுக்குப் போன் போட்டார். “தங்கச்சி, பத்து பத்துக்கு வண்டி வரும், ஒரு ரெண்டு நிமிஷம் பிளேனை நிறுத்தி உட்டுரு.”

“பிளேனை நிறுத்த முடியாதுண்ணே. நீங்க நில்லுங்க, சந்து கெடச்சதும் விடறேன்.”

“இன்னா தங்கச்சி இப்டி சொல்ற. சாமி ஊர்வலம் வந்தா அரசாங்க பஸ்ஸே நிக்குது. மந்திரி வந்தா ஆம்புலன்ஸே நிக்குது.”

“பஸ்ஸுக்கு நிக்கத் தெரியும்ணே. பிளேன் நின்னா விழுந்துரும். நிக்க முடிஞ்சவங்கதான் நிக்கணும்.”

இப்படி ஒரு நியாயத்தை எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. நிற்க முடிந்தாலும் நிற்காமல் போகிறவன்தான் இங்கே பெரிய மனிதன், நிற்கவே முடியாத பாவிகளைத்தான் நாங்கள் நிறுத்தி வைப்போம். வைரக்கண்ணு சற்று யோசித்துவிட்டுக் குரலை இறக்கினார். மேலிடத்தில் தனக்கு வேண்டியவர் இருக்கிறார், ரிலீவரை ஹெலிகாப்டரிலேயே ஏற்றி வந்து மேடையில் இறக்க உத்தரவு தயார், கையெழுத்தும் ஆகிவிட்டது, தேதி போடுவதுதான் பாக்கி, பத்து பன்னிரண்டுக்குப் பூ விழுந்தால் மறுநாளே தேதி விழும் என்றார்.

ஊர் முழுக்க அவளிடம் பேசியது. கனகா பேசினாள், பால்வாடி டீச்சர் பேசினாள், பஞ்சர் கடைக்காரர், ஒரே ஒரு விமானம்தானே, கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரச் சொன்னால் ஆகாதா என்றார். கடைசியில் தணிகைவேலும் பேசினான்.

“ஒரே ஒரு வாட்டி கண்டுக்காம உட்டுடேன் அஞ்சல. கொயந்த உன் சட்டையப் போட்டுக்கினுதான் தூங்குது.”

 அவள் அழுதாள். ஏழு மாதத்தில் அவள் அழுது நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான், மேலே நின்று அழுதால் ஊருக்கே தெரியும், மறைக்க ஒரு சுவர் கிடையாது. கீழே நின்ற எங்களுக்கு வெட்கமாக இருந்தது, இருந்தாலும் கலைந்து போகவில்லை. “பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னாள். பார்க்கலாம் என்றால் சரி என்றுதான் எங்கள் ஊரில் அர்த்தம், அதனால் பந்தலில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

பதினாலாம் தேதி காலை பத்து பத்துக்கு ஹெலிகாப்டர் வந்தது. ஓட்டியவர் கேப்டன் பெர்னார்டு, முப்பது வருஷம் பறந்து தலை நரைத்தவர். பின்னால் பன்னிரண்டு மூட்டை சாமந்தியும் ரோஜா இதழும், பூ கொட்டுவதற்காகத் திறந்தே வைத்த கதவு, கதவோரம் மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக வைரக்கண்ணு. கிழக்கே வரிசையாக நாலு விமானம், விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாக, இரண்டிரண்டு நிமிஷத்தில். கீழே கோயில் கோபுரத்து உச்சியில் ஏகாம்பர குருக்கள் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறார். தணிகைவேல் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறான். நாங்கள் எல்லோரும் நிற்கிறோம்.

அஞ்சலாட்சி கீழே ஒரு தடவை பார்த்தாள். இடது கையைத் தூக்கினாள்.

பெர்னார்டு நிறுத்திவிட்டார். முதல் விமானம் போயிற்று. வைரக்கண்ணு உத்தரவை வெளியே எடுத்து ஆட்டிக் காட்டினார், அவள் கையை இறக்கவில்லை. அவர் கத்தினார், விசிறிச் சத்தத்தில் அவருக்கே கேட்கவில்லை. அப்போது, எந்தச் சந்தியிலும் காவலர் காரை நிறுத்தினால் அவர் என்ன செய்வாரோ அதையே செய்தார். கதவைத் தாண்டி இறங்கி, உன் பேர் என்ன, எந்த ஸ்டேஷன் என்று கேட்பதற்காக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். நானூறு அடி உயரம் என்பது கோபத்தில் நினைவில்லை.

“வெளிய கால் வைக்காதீங்கண்ணே” என்று அஞ்சலாட்சி கத்தினாள், அதற்குள் அவர் அரைத் தப்படி காற்றிலும் மீதியை மேடையிலுமாக வைத்து அவள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

“உன் மனசுல இன்னா நெனச்சுக்கினு இருக்க” என்று ஆரம்பித்தவர், அவள் பார்க்கிற பக்கம் பார்த்தார். இரண்டாவது விமானம் வந்துகொண்டிருந்தது. பிறந்த எட்டாம் நாள் வெளியே தலைகாட்டியதிலிருந்து அதை அவர் தினமும் கீழே இருந்துதான் பார்த்திருக்கிறார், கீழே இருந்து பார்த்தால் அது வயிறு, மேலே இருந்து பார்த்தால் அது முகம். கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுகிற இரண்டு பேர் தெரிந்தார்கள், ஓரத்து ஜன்னலில் ஒரு பெண் குழந்தைக்குப் பாலாடையில் பால் புகட்டுவது தெரிந்தது, அந்தப் பெரிய உடம்பு நிற்க வழியில்லாமல் தன்னை யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் நேராக அவரை நோக்கி வந்தது. வைரக்கண்ணு இடது கையைத் தூக்கினார். யாரும் அவரைத் தூக்கச் சொல்லவில்லை. தன்னுடைய ஹெலிகாப்டரை, தன்னுடைய பன்னிரண்டு மூட்டையை, தன்னுடைய முகூர்த்தத்தை அவரே நிறுத்தி வைத்துக்கொண்டு நின்றார், கையில் இருந்த உத்தரவு விமானம் கிளப்பிய காற்றில் பறந்து ஏரிப் பக்கமாகப் போனது. பத்து பன்னிரண்டும் போனது.

“முழங்கைய மடக்காதீங்கண்ணே. கை நேரா இருந்தாத்தான் பைலட்டுக்குத் தெரியும்” என்றாள் அஞ்சலாட்சி.

அவர் நேராக்கினார். அவள் அப்போதே ஹெலிகாப்டரில் தாவிவிடலாம், கால் அதற்குத் துடித்தது, ஆனாலும் தாவவில்லை. மூன்றாவது விமானத்துக்கு விசிலை அவரிடம் கொடுத்து ஊதச் சொன்னாள், காற்றுதான் வந்தது, மறுபடி ஊதச் சொன்னாள். நாலாவது விமானத்துக்கு அவள் ஒன்றுமே சொல்லாமல் குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அவர் கிழக்கே பார்த்தார், வடக்கே பார்த்தார், ஊதினார், கையைத் தூக்கினார், விமானம் முழுதாகப் போய் இறங்குகிற வரைக்கும் கையைக் கீழே விடவில்லை. நெற்றி விபூதி வியர்வையில் வழிந்து கண்ணில் இறங்கியபோதும் துடைக்கவில்லை. அவள் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள்.

“பதில் ஆள் வந்தாச்சு சார். நான் இறங்கறேன்.”

“தங்கச்சி” என்றார் வைரக்கண்ணு. அதற்குமேல் அவருக்குப் பேச நேரமில்லை, கிழக்கே தூரத்தில் அடுத்த விளக்கு முளைத்திருந்தது. நடுவே ஒரு சந்து கிடைத்திருந்ததை அவரே பார்த்து, வலது கையை வீசி ஹெலிகாப்டரைப் போகச் சொன்னார்.

பத்து பத்தொன்பதுக்கு, பூ கொட்ட வேறு ஆள் இல்லாததால், அஞ்சலாட்சியே யூனிஃபார்மோடு கதவோரம் உட்கார்ந்து பன்னிரண்டு மூட்டையையும் அவிழ்த்துக் கொட்டினாள். ஒன்பது நிமிஷம் குடத்தைத் தூக்கிப் பிடித்துக் கை மரத்துப்போயிருந்த ஏகாம்பர குருக்கள், பூ விழுந்ததும் தீர்த்தத்தைக் கலசத்தில் ஊற்றி, பத்து பன்னிரண்டு என்பது வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப்படி பத்து பத்தொன்பதுதான் சரி என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். தலைவர் எங்கே என்று யாரோ கேட்டார்கள், மேலே இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள், மதியத்துக்குள் அவர் வீட்டுச் சாப்பாடும் கயிற்றில் ஏறத் தொடங்கியது.

ஹெலிகாப்டர் பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கியது. ஏழு மாதம் கழித்துத் தரையில் கால் வைத்த அஞ்சலாட்சியை பெர்னார்டு கையைப் பிடித்து இறக்கிவிட்டார். தணிகைவேல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். அவள் இரண்டு கையையும் நீட்டினாள். இதழினி அவளை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்துவிட்டு அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

“நீ ரொம்பப் பெருசா இருக்க” என்றது.

அந்தக் குழந்தை இத்தனை நாளும் பார்த்த அம்மா ஒரு பூண்டுப் பல் அளவு.  அஞ்சலாட்சி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள்.

“இப்போ?”

“இன்னும்” என்றது குழந்தை, அப்பாவின் தோளிலிருந்து தலையைத் திருப்பாமல் ஒரு கண்ணால் மட்டும் பார்த்து.

அவள் தொப்பியைக் கழற்றி வைத்தாள், கூனிக் குறுகினாள், அப்புறமும் அது இன்னும் என்றதால், ஊர் மொத்தமும் சுற்றி நிற்க, வெள்ளைச் சட்டையோடு புழுதியில் நீட்டிப் படுத்துவிட்டாள். தணிகைவேல் குழந்தையை மெல்லக் கீழே இறக்கினான். அது இரண்டு எட்டு வைத்தது, நின்றது, இன்னும் இரண்டு எட்டு வைத்து அவள் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து, அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த சாமந்தி இதழ் ஒன்றை விரலால் எடுத்தது. மேலே விசில் கேட்டது. எல்லோரும் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தோம், அஞ்சலாட்சி பார்க்கவில்லை.